எண்ணூற்று ஒன்றாவது ஆள்

லினோர்,
1980 மே 19, திங்கட்கிழமை

அன்பு மகன் லியோவுக்கு,

உன் தாய் எழுதுவது. இங்கே மழை போதுமான அளவு பெய்திருக்கிறது. கோதுமை முழங்கால் உயரம் நிற்கிறது. நான் நலம். நீயும் மார்லீனும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். நான் உன் வீட்டிலிருந்து ஓடிவந்துவிட்டதாக உன் அத்தை மகள் ரீட்டா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உனக்கும் போன் போட்டு அப்படியே சொன்னாளாம், எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதையும் சேர்த்து. நான் ஓடவில்லை. டென்வர் பஸ் நிலையத்தில் டிக்கெட் வாங்கி, தொப்பியும் கையுறையும் அணிந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்பது மணி நேரம் பயணம் செய்து வந்தேன். கிளம்புவதற்கு முன் உனக்கு ஒரு குறிப்பும் எழுதிச் சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன். ஓடிப்போகிறவர்கள் குறிப்பு எழுதிவைப்பதில்லை. அதோடு, குளிர்காலத்தில் கோயில் படிக்கட்டில் விழுந்து முறிந்து, தேறுவதற்காக நீ உன் வீட்டுக்குக் கூட்டிப்போன இந்த இடுப்பு ஓடுவதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

இரண்டாவது திருத்தம் உன்னைப் பற்றியது. வந்த மறுநாள் கடைத்தெருக் காப்பிக் கடைக்குப் போனேன். நான் கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது. யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள அது போதும். மேயர் டுவெய்ன் மட்டும் வாயை மூடவில்லை. தீவனக் கடை வைத்திருக்கிறவனுக்குத் தீவனக் கடைப் பேச்சுத்தான் வரும். வீட்டை விற்றுவிட்டு என்னை முதியோர் விடுதியில் தள்ளத்தான் மக்கள்தொகைக் கணக்கில் உன் பெயரோடு என் பெயரையும் எழுதிக்கொண்டாய் என்றான். நான் உட்காராமலே பதில் சொன்னேன்.

"என் மகன் என்னை எண்ணினான், டுவெய்ன். விக்கலை. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனை மேயராக்கினது எங்க தப்பு."

அதற்குப் பிறகு எனக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை இலவசமாக வந்தது. இந்த ஊரில் மன்னிப்பு அப்படித்தான் கேட்பார்கள். நான் சாப்பிட்டேன். மாவில் உப்புக் குறைவு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊரை விட்டுப் போய் முப்பது வருடமாகிறது. ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்வேன்; பொறுமையாகப் படி.

மே ஐந்தாம் தேதி, நீயும் மார்லீனும் வேலைக்குப் போயிருந்தபோது, நகர மன்றத்தில் எழுத்தராக இருக்கும் ஆர்லிஸ் போன் செய்தாள். மக்கள்தொகைக் கணக்கின் முதல் கூட்டல் வந்திருக்கிறது, லினோருக்கு எழுநூற்றுத் தொண்ணூற்று ஏழு பேர்தான் என்றாள். இந்த மாநிலத்துச் சட்டப்படி எண்ணூறைத் தாண்டினால்தான் நகரம். எண்ணூறோடு நின்றால்கூடக் கிராமம். மேயர் போய்விடுவார். இருக்கிற ஒரே போலீஸ்காரனும் போய்விடுவான். பதினெட்டு மைலுக்கு அப்பால் இருக்கிற டாரன் ஊர்க்காரர்கள் நம் நீதிமன்றத்தை வாங்கிக்கொள்ள லாரியோடு நிற்பார்கள். நான்கு தலை குறைகிறது, திருத்தத்துக்கு ஜூன் ஆறு வரைதான் நேரம் என்று சொல்லிவிட்டு, ஆர்லிஸ் கேட்டாள்: "உங்க வீட்டுப் படிவம் காலியாவே இருக்கே, மிஸஸ் ஹவ்லிக். உங்களை எந்த ஊர்ல எண்ணினாங்க?"

எனக்குத் தெரியவில்லை. உன் மேசை இழுப்பறையில் நீ ஒழுங்காக எடுத்துவைத்திருந்த நகலைப் பார்த்தேன். முதல் ஆள் நீ. இரண்டாவது மார்லீன். மூன்றாவது, ஒட்டீலியா ஹவ்லிக், வயது எழுபத்தெட்டு, தாய். எழுத்துப் பிழை இல்லை. மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

நகரமானால் என்ன, கிராமமானால் என்ன, அதே தெரு, அதே தானியக் கிடங்கு என்று நீ சொல்வாய். உன் அப்பா உயிரோடு இருந்து அதைக் கேட்டிருந்தால் உன்னைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பியிருப்பார். ரயில் கம்பெனிக்காரன் ஒருவன் வரைபடத்தில் எட்டு மைலுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனான். பெயர்கள் தீர்ந்ததும் இந்தப் புள்ளிக்குத் தன் மகள் பெயரை வைத்தான். அந்த லினோர் இந்த ஊரை ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. அப்படிப்பட்ட புள்ளியில் மண்கட்டி வீடு கட்டி உட்கார்ந்தவர்கள் தங்களை முதல் நாளிலிருந்தே நகரம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். வெட்டுக்கிளி வந்து கோட்டு முதற்கொண்டு தின்றது. அந்த வருடமும் நகரம்தான்.

நீதிமன்றம் வந்த கதையையும் மறந்திருப்பாய். அது அப்போது ஃபேர்வியூவில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரே கோயிலில் இருந்தபோது, உன் தாத்தாவும் இன்னும் இருபது பேரும் வைக்கோல் சறுக்குவண்டியில் போய், பதிவேடு, இரும்புப் பெட்டி, நீதிபதியின் நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். போகும்போது என்னென்ன எடுத்தோம் என்று ஒரு ரசீது எழுதி, பதினாலு பேர் கையெழுத்திட்டு, ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்கள். நம் ஊரின் குணம் அதுதான். திருடினாலும் ரசீது கொடுத்துவிட்டுத் திருடும்.

தூசிப் புயல் வருடங்களில் நம் தெருவில் மட்டும் பதினோரு வீடு காலியானது. உன் கட்டிலைச் சுற்றி ஈரப் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிடுவேன். விடிவதற்குள் அது சேறாகிவிடும். அப்போதும் மாதத்தின் முதல் திங்கட்கிழமை நகர மன்றம் கூடியது. மேயர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தலைமை தாங்கினார். ரயில் எங்களைக் கைவிட்டுப் போய் ஒன்பது வருடமாகிறது. அதற்காக யாரும் கூட்டத்தைத் தள்ளிவைக்கவில்லை.

நான் வருவதற்குள் நான்கில் மூன்று தலை கிடைத்துவிட்டது. போஸ்பிஷில் வீட்டில், கணக்கு நாளான ஏப்ரல் முதல் தேதிக்கு முன்னால், மார்ச் முப்பதாம் தேதி இரட்டைக் குழந்தை. ஞானஸ்நானம் ஆகாததால் பெயர் இல்லை, பெயர் இல்லாததால் எழுதவில்லை என்றாள் அந்தப் பெண். மூன்றாவது தலை நெல்ஸ் லிண்ட்க்விஸ்ட். அவரும் அவர் அண்ணன் கஸ்ஸும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருபத்திரண்டு வருடமாகப் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். கஸ் படிவத்தில் தன் பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். ஆர்லிஸ் போய்க் கேட்டதற்கு, "நெல்ஸ் என்கூட இல்லம்மா, அவன் சமையக்கட்டுல இருக்கான்" என்றாராம். பொய் சொன்னதாக அவர் நினைக்கவே இல்லை.

ஆக எண்ணூறு. இன்னும் ஒன்று வேண்டும். மார்ச் இருபத்தெட்டில் இறந்துபோன ஆல்வினை எழுதிவிடலாம் என்று டுவெய்ன் யோசனை சொன்னான். "நாலே நாள்தானே வித்தியாசம். உயிரோட இருந்தப்பவும் அவரு பெரிசா அசைஞ்சதில்ல. யாருக்குத் தெரியப்போகுது?" ஆல்வினுக்குத் தெரியும், எனக்கும் தெரியும் என்றேன். அப்படியானால் நீங்கள் ஒரு படிவம் நிரப்பிக் கொடுங்கள் என்றான். என் பெயர் ஏற்கெனவே டென்வரில் இருக்கிறது. ஒருத்தியை இரண்டு ஊரில் எண்ணினால் அதுவும் பொய்தான் என்று மறுத்துவிட்டேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டு வருடம் படித்தவள் பொய்யில் சின்னது பெரியது பார்ப்பதில்லை. பொய் சொல்லித்தான் நகரமாக இருக்க வேண்டுமென்றால் நாம் கிராமமாகவே போகலாம் என்று அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஆர்லிஸ் விதியை எனக்குப் படித்துக் காட்டினாள். ஏப்ரல் முதல் தேதி எங்கே தூங்கினோம் என்பது மட்டும் கணக்கில்லையாம். வழக்கமாகக் குடியிருக்கும் இடம் எதுவோ அதுதான். விருந்துக்கோ வைத்தியத்துக்கோ போனவர்களை அவரவர் வீட்டில்தான் எண்ண வேண்டும். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நீங்க அங்க தங்கப் போனீங்களா, குடியிருக்கப் போனீங்களா?"

நேரான கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு மதியம், நீ அலுவலகத்திலிருந்து சாப்பிட வந்திருந்தாய். எனக்குக் குனிய முடியவில்லை. நீ தரையில் மண்டியிட்டு என் காலுறையை மாட்டிவிட்டாய். அப்போது நான் சொன்னேன், "இனிமே நான் எங்கயும் போகலை லியோ. இங்கயே இருந்துடறேன்." நீ "சரிம்மா" என்றாய். அந்தச் சனிக்கிழமையே குளியலறையில் கைப்பிடி பொருத்தினாய். இரண்டு திருகாணி போதுமான இடத்தில் ஆறு போட்டாய்.

ஆகவே நீ படிவத்தில் எழுதியது, நான் சொன்னதைத்தான். உன்னைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. அது வலியின் பேச்சு, மருந்தின் பேச்சு என்று தப்பித்துக்கொள்ளவும் மாட்டேன். நான்தான் பேசினேன். அன்றைக்கு அது உண்மை. பயந்துபோயிருந்தேன் என்பதும் உண்மை.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மார்ச் பத்தொன்பது, புனித சூசையப்பர் திருநாள். அன்று நீ வேலைக்குப் போனபிறகு, உன் வீட்டு மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். உன் வீட்டில் ஏழு படி, என் வீட்டில் பதினாலு. அதனால் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கினேன். மறுநாளும் அப்படியே. ஒரு நாளும் விடவில்லை. எதற்காக என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும், தெரிந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, படியின் மேல் முனையில், நான் மூச்சு வாங்குகிற இடத்தில், ஒரு நாற்காலி இருந்தது. மார்லீன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை இருபத்தைந்து வருடமாக நான் சரியாக எடைபோடவில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது தெரிந்தது. நாற்காலி எப்போது வந்தது என்று அவளைக் கேள். ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்காதே.

ஏப்ரல் முதல் தேதி எட்டு தடவை ஏறினேன்.

உன் கவலைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். படுக்கையைக் கீழே இறக்கச் சொல்லாதே, மாடியில்தான் படுக்கிறேன். பனிக்காலத்தில் காலைப் பூசைக்கு ஆர்லிஸ் காரில் கூட்டிப்போவாள். கோயில் படிக்கட்டில் இனி நான் தனியாகக் கால் வைக்கமாட்டேன், அந்தப் பாடம் ஒரு தடவை போதும். தினமும் ஏழு மணிக்குள் என் முன் ஜன்னல் திரை ஏறியிருக்கிறதா என்று எதிர்வீட்டார் பார்ப்பார்கள். நானும் அவர்களுடையதைப் பார்ப்பேன். இந்தத் தெருவில் அப்படித்தான். ஒரு நாள் திரை ஏறாது. அன்றைக்கு யார் கதவைத் தட்டுவது, யார் உனக்குச் சொல்வது என்பதெல்லாம் பேசி முடித்தாயிற்று. உன் வீட்டில் அது நடந்திருந்தால் உன் கை என் கையில் இருந்திருக்கும். அதை நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதே. யோசித்துத்தான் பஸ் ஏறினேன்.

இனி நான் கேட்பது. ஒரு தாளில், ஏப்ரல் முதல் தேதி என் தாய் என் வீட்டில் விருந்தாளியாக இருந்தார், அவர் குடியிருப்பது லினோரில் என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடு. நீ அதை நம்பினால் மட்டும். யாருக்காகவும் பொய் எழுதாதே, எனக்காகவும்தான். மாடிப்படியைப் பற்றிக் கேட்டபிறகும், நான் அங்கே குடியிருக்க வந்தவள்தான் என்று உனக்குத் தோன்றினால், அதையே எழுது. அதை நானே நகர மன்றத்துக்குக் கொண்டுபோய், எல்லார் முன்னாலும் ஆர்லிஸ் கையில் கொடுத்து, எண்ணூறோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். தலை குனியமாட்டேன். ஆனால் அதன்பிறகும் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன். கணக்கில் இல்லாதவளாகவே இங்கே இருப்பேன்.

போன் செய்யாதே. போனில் நீ "அம்மா" என்று கூப்பிட்டால் எனக்கு வாதமெல்லாம் மறந்துவிடுகிறது.

நீ கட்டும் பாலங்களையும், அவற்றின் மேல் ஏறி நிற்கும் உன்னையும், உன் மனைவியையும் ஆண்டவர் தம் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஜூன் ஆறாம் தேதிக்கு முன் எனக்கு வந்து சேரும்படி, உன் பதிலை எழுதி அனுப்பு.

உன் தாய்,
ஒட்டீலியா ஹவ்லிக்