கரை தெரிந்த கல்யாணம்

அண்ணே,

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொள்கிறேன். இதை நான் உட்கார்ந்து எழுதுவது உங்கள் டென்ட் ஹவுஸ் நாற்காலியில். சில வருஷம் முன்னால் என் வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்ததில் நாலை, உங்கள் ஆட்கள் வண்டியில் ஏற்றும்போது குளியலறைக்குள் ஒளித்து வைத்தேன். ஐம்பதை நெருங்கும் மனுஷன், அரசாங்க உத்தியோகம், புது வீடு. செய்த காரியம் இது. இன்று மழையில் நனைந்திருந்ததைத் துடைத்தபோது, முதுகில் எழுதியிருந்த உங்கள் கடைப்பெயரின் சிவப்பு பெயின்ட் துணியில் உரிந்து வந்தது. அப்புறம் வேறு வேலை ஓடவில்லை.

இந்த அந்தமான் மூலையில், மாயாபந்தரில் உங்கள் பந்தலுக்குக் கீழே நிற்காமல் யாருக்கும் கல்யாணம் ஆனதில்லை. வங்காளி, தெலுங்கு, மலையாளி, நம்மாட்கள், எல்லோருக்கும் அதே நீலத் தார்ப்பாய்தான். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊரில் பந்தல் போடுவது பெரிதல்ல, அதைக் காப்பாற்றுவதுதான் தொழில். நீளமான மூங்கில் கழியோடு ஓரத்தில் நிற்பீர்கள். தார்ப்பாய் தண்ணீர் கோத்துத் தொங்க ஆரம்பித்ததும் கீழிருந்து ஒரு தட்டு. தண்ணீர் வெளியே கொட்டும். "சாப்பிடறவங்க எந்திரிக்கட்டும், அப்புறம் எவ்வளவு வேணா பெய்யட்டும்" என்று மழையிடம் பேரம் பேசுவீர்கள்.

எந்தப் பந்தியிலும் நீங்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒரு லட்டை மட்டும் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைப்பீர்கள், வீட்டில் மகளுக்கு. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்: "அன்னிக்கு நான் உக்காந்து சாப்பிடுவேன். கழியை எவனாவது புடிச்சுக்கட்டும்."

மாப்பிள்ளை வீட்டார் சென்னை. கல்யாணமும் அங்கே. நம் தீவுக்காரர்கள் பஞ்சாங்கத்துக்கு முன்னால் ஜஹாஜ் தேதியைப் பார்க்கிறவர்கள்; அதன்படி நீங்களும் அண்ணியும் மகளும் பதினைந்து நாள் முன்னதாகவே கப்பல் டிக்கெட் வாங்கியிருந்தீர்கள். அதில் உங்கள் டிக்கெட்டை மட்டும், என் வீட்டுப் பால்காய்ச்சுக்காகக் கேன்சல் செய்ய வைத்தவன் நான்.

"சாமானெல்லாம் அனுப்பிடறேன்டா. பசங்க கட்டிக் குடுப்பாங்க" என்றீர்கள்.

"நீங்க இல்லாட்டி பந்தல் என் மாமியார் தலையில விழும்ணே."

"விழுந்தா உனக்கு என்ன நஷ்டம்?"

சிரித்தீர்கள், இருந்துவிட்டீர்கள். அண்ணியும் மகளும் முன்னால் போனார்கள். என் வீட்டில் கழியோடு நின்றுவிட்டு, மறுநாள் போர்ட் பிளேருக்கு பஸ் ஏறினீர்கள். பிளேனில் இடமில்லை, அடுத்த ஜஹாஜில் போகிறேன் என்று போன் செய்தீர்கள். அப்போதும் கணக்குப்படி இரண்டு நாள் கையில் இருந்தது. ஆனால் கடல் சரியில்லை என்று ஜஹாஜ் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பி, வழியிலும் தவழ்ந்து, கல்யாணத்தன்று விடியற்காலையில்தான் சென்னைக்கு வெளியே வந்து நின்றது. துறைமுகத்தில் இடம் காலியில்லை. நங்கூரம் போட்டுவிட்டார்கள்.

கட்டிடங்கள் தெரிந்தன என்றீர்கள். போனில் சிக்னலும் வந்துவிட்டது. யாரோ மண்டபத்திலிருந்து போனைத் தூக்கிப் பிடிக்க, நீங்கள் டெக்கில் காதோடு வைத்துக்கொண்டு நின்றீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துப்பில்லை. நீங்களாகவே சொன்னீர்கள்: "மேளம் கேட்டுச்சுடா. தாலி கட்டறப்போ சத்தம் எப்படி ஏறும்னு எனக்குத் தெரியாதா?" பிறகு உங்கள் பாட்டுக்குக் கயிறு சுற்ற ஆரம்பித்தீர்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டிலிருந்து முதல் தட்டு முறுக்கு உங்களுக்குத்தான். பரிகாரம் என்று என் மனைவி பெயர் வைத்தாள். மறுக்காமல் வாங்கிக்கொள்வீர்கள்.

போன மாதம், கடையில் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தீர்கள். உங்களுக்கான பந்தலை நாங்களே கட்டினோம். பக்கத்துக் கடை வங்காளி தாதா "ரஸ்ஸி கீச்சோ, ரஸ்ஸி" என்று கத்த, நான் இழுத்தது தப்பான கயிறு. ஒரு பக்கம் சரிந்து, உங்கள் தலைக்கு நேர் மேலே தண்ணீர் குளமாகத் தேங்கியது. கழி மூலையில் சாத்தியிருந்தது. எடுக்கக் கை வரவில்லை யாருக்கும். அண்ணி மட்டும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்ட ஒரே பந்தியிலிருந்து உங்களை எழுப்பிவிட்டவன் என்ற நினைப்பு இனி என்னோடுதான் இருக்கும், வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்கள் மகள் வந்திருந்தபோது, தாங்காமல் அவளிடம் சொல்லிவிட்டேன்: "உன் கல்யாணத்துக்கு அப்பா வர முடியாமப் போனது என்னாலதாம்மா."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"உங்களாலயா? சித்தப்பா, உங்க வீட்டு விசேஷம் முடிஞ்ச மூணாம் நாளைக்கு நான் அவருக்கு பிளேன் டிக்கெட் போட்டிருந்தேன். ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போயிருக்கார். பயமா இருக்குன்னு அதே ஆட்டோவுல திரும்பி, கப்பல் டிக்கெட் எடுக்கப் போயிட்டார்."