சுக்குக்குக் கிடைத்த வெயில்

என் பிரியமுள்ள மதினிக்கு,

நீங்கள் போன பிறகு நம் ஆரியசாலை வீட்டில் பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை. முன்கட்டில் அண்ணனின் மருந்துச் சரக்குக் கடை, பின்கட்டில் நாங்கள், நடுவில் கடுக்காய், சுக்கு, நன்னாரி மூட்டைகள். நாஞ்சில் நாட்டை மதராஸோடு சேர்ப்பதா வேண்டாமா, எல்லைக்கோடு எந்த ஊர் வழியாகப் போகவேண்டும் என்று கடை வாசலில் ஆண்கள் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். அந்த எல்லை எல்லோருக்கும் துல்லியமாகத் தெரிகிறது. ஒரு பெண்ணின் உடம்பில் எது இயல்பு, எது நோய் என்கிற எல்லைதான் இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன், முகம் சுளிக்காதீர்கள். ‘வெள்ளைபடுதல்’ என்ற சொல்லை அச்சில் ஏற்ற ஆசிரியர் கூச்சப்பட்டால், அவருடைய கடைசிப் பக்கத்தில் தவறாமல் வரும் ஆண்மை லேகிய விளம்பரத்தை நினைவூட்டலாம் என்றிருக்கிறேன்.

வடிவுக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். உங்கள் மகள் கல்யாணமே வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. அண்ணன் சத்தம் போட்டார். அதிலும் காரணம் வரவில்லை. அவள் சோற்றைக் குறைத்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. திரிபலாப் பொடியை அள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் சரக்கறையில் அவளைப் பிடித்தேன். உங்களுக்குத் தெரிந்த இடம்தான். கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று நம் உள்துணிகளெல்லாம் அங்கே, சுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கட்டிய கயிற்றில்தான் காயும். காயும் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

"என்னட்டி, இங்க நின்னு அழுக?"

"அத்தே, அம்மைக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. அப்பாட்ட சொல்லாதீங்க."

"என்னது வந்திருக்கு?"

"வெள்ளை படுது. எலும்பு உருகிப் போகுது, அத்தே. நான் ஒருத்தரைக் கட்டிக்கிட்டு, அவங்க வீட்ல போயா சாகணும்?"

பக்கத்து மலையாளத்து வீட்டார் இதை அஸ்தியுருக்கம் என்பார்கள். நாம் வெட்டை என்போம். மற்ற எல்லாவற்றிலும் சண்டை போடும் இரண்டு பாஷைக்காரர்களும், எலும்பு உருகுகிறது என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா, மதினி? நீங்கள் இளைத்துக்கொண்டே போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். தீட்டு நின்று வெகுகாலம் கழித்து, மறுபடியும் ரத்தம் கலந்து நாற்றத்தோடு பட்டது உங்களுக்கு. ‘உடம்பு சூடு’ என்று முன்கட்டுக்குச் சொல்லியனுப்பினீர்கள். நம் பெண்கள் கடைக்குச் சொல்லியனுப்பக்கூடிய வியாதி அது ஒன்றுதான். அண்ணனும் சூட்டுக்கான பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார். திரும்பத் திரும்பக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, கர்ப்பப்பை வாயில் புற்று முற்றிவிட்டது என்றார்கள்.

வடிவை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். மலையாளத்துப் பெண்மணி. நம்மைக் கண்டால் தமிழை வளைத்துப் பேசுவார்.

"பேடிக்கண்டா, மோளே, பயப்படாதே. எப்படிப் போகுது? முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுன்னா?"

வடிவு என்னைப் பார்த்தாள். "நாங்க சைவம், டாக்டர்," என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "செரி. கற்றாழை மடலை அறுத்தா உள்ள இருக்குமே, அந்த மாதிரியா?"

அது அவளுக்குத் தெரிந்த சரக்கு. தலையாட்டினாள். மாதத்தின் நடுவில் அப்படி வருவதும், மற்ற நாட்களில் கஞ்சித் தெளிவு போலக் கொஞ்சம் வெள்ளையாகப் படுவதும், துணியில் காய்ந்தால் லேசாக மஞ்சளிப்பதும் உடம்பு தன்னைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்கிற வேலை என்றார் டாக்டர். "வாயில எச்சில் ஊறுது. பல்லு உருகுதுன்னு யாரெங்கிலும் அழுவாங்களா?"

அதற்குப் பிறகுதான் வடிவு தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்ச நாளாகத் திரிந்த பால் போலத் திட்டுத்திட்டாகப் படுவதையும் அரிப்புத் தாங்கவில்லை என்பதையும் சொன்னாள். டாக்டர் சோதித்துப் பார்த்தார். அது நோய்தான், ஆனால் எலும்பல்ல, பூசணம் என்றார். ஊதா மருந்து ஒன்றைத் தடவினார். திரிபலாப் பொடிக் கஷாயம் ஊற்றி உள்ளே கழுவுவதை அன்றோடு நிறுத்தச் சொன்னார்.

"துணியெல்லாம் எங்க உணங்கப் போடுவீங்க?"

சொன்னேன்.

"சுக்கோ?"

"மொட்டைமாடியில. நல்ல வெயில் அங்க."

 டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஈரத்துணியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

உங்களுக்கு வந்ததையும் நான் டாக்டரிடம் சொன்னேன். கிளம்பும்போது வடிவு கேட்டாள்: "அம்மைக்கும் இதுதானா?"

"அல்ல, மோளே. நீங்க சொல்றத வச்சுப் பார்த்தா அது வேறே தீனம். மஞ்சளோ பச்சையோ ஆனா, நாறினா, அடிவயிறு வலிச்சா, காய்ச்சல் வந்தா, இடையில ரத்தம் கண்டா வரணும். தீட்டு நின்ன பிறகு ஒரு துளி கண்டாலும் அன்னைக்கே வரணும். உனக்கு அது இல்லை."

வடிவு அழுதாள். ஆனால் இது வேறு அழுகை.

மறுநாள் துணிகளைக் கொதிக்க வைத்து அலசி, மொட்டைமாடியில் கொடி கட்டிக் காயப்போட்டேன். கீழே பனம்பாயில் சுக்கு காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிளறிவிட வந்த அண்ணன் கொடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏட்டி கோமதி, என்னது இது? தெருவே பாக்குமே!"

"சுக்கு ஈரத்தோட இருட்டுல கிடந்தா என்ன ஆகும், அண்ணே?"

"பூசணம் பிடிக்கும். அதுக்கென்ன?"

"உங்க மகளுக்குப் பிடிச்சிருக்கு."

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றையும் அதனதன் பெயரில் சொன்னேன். அண்ணன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ சூடுன்னுதானே சொல்லியனுப்பினா," என்றார்.

"வேற எதைச் சொல்லியிருக்க முடியும்? யார்ட்ட?"

அண்ணன் பாயில் கிடந்த ஒரு சுக்கை எடுத்துத் திருப்பிப் போட்டார். முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? இதை நான் டாக்டரிடம் கேட்டேன். "அறியில்லா" என்றார், தெரியாது என்று. பொய் சொல்லத் தெரியாத டாக்டர். நீங்கள் எத்தனை நாள் அந்தச் சரக்கறைக் கயிற்றடியில் தனியாக நின்றீர்கள், மதினி?

பிறகு அண்ணன் எழுந்தார். சரக்கு காய்கிற இடத்தில் ஒரு சாண் கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், பாயைச் சுக்கோடு இழுத்துக் கைப்பிடிச் சுவர் நிழலுக்குக் கொண்டுபோனார். "கொடியை இந்தப் பக்கம் கட்டு," என்றார். "சாயங்காலம் வரைக்கும் வெயில் இங்கதான்." தலையை நிமிர்த்தாமல் இறங்கிப் போய்விட்டார்.

வடிவு இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். அரிப்பு இல்லை. நாகர்கோவில்காரர்கள் வரட்டும், ஆனால் இந்த ஊதாக் கறை முதலில் போகட்டும் என்கிறாள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மதினி. இனி இந்த வீட்டில் எந்தப் பெண் ‘சூடு’ என்றாலும் பொட்டலம் வராது. என்ன நிறம், நாற்றம் உண்டா, அரிப்பா, ரத்தமா என்று நான் கேட்பேன். முன்கட்டு வரை கேட்கிற குரலில் கேட்பேன்.

வடிவு தீட்டுத்துணியாக வைத்துக்கொள்கிற உங்கள் சேலைக் கிழிசல்களும் அந்தக் கொடியில்தான் காய்கின்றன. இப்போது அவை நன்றாகவே காய்கின்றன.

என்றும் உங்கள் நாத்தனார்,
கோமதி