சுவரைப் பார்க்கும் படங்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மாடி அறையில் ஒழுகும் இடத்தில் வாளி. வாங்க வேண்டியவை: கிரேயான், டேப், பிஸ்கட் (க்ரீம் வேண்டாம், சண்டை வருகிறது).

கோமதி இன்றும் வரவில்லை. ஏழாவது நாள். பதினைந்து வயது. அம்மா இறந்தபின் சித்தி வீட்டில். பள்ளி விட்டதும் தறிக்கு நூல் சுற்றிவிட்டு, பிள்ளைகள் மனம்விட்டு வரைய நாங்கள் நடத்தும் இந்த அறைக்கு வருவாள். ஆறு மாதம் வாயே திறக்காமல் வரைந்துகொண்டிருந்தவள், போன மாதம்தான் பேச ஆரம்பித்தாள்.

எல்லாம் என்னால். எங்கள் அறையில் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் மாட்டுவோம். வரைந்தவர் தானாகத் திருப்பும்வரை யாரும் பார்க்கக்கூடாது. அந்த விதியைப் போட்டவளே நான். நன்கொடையாளர்கள் வந்த அன்று, வெறும் அட்டை முதுகையா காட்டுவது என்று கோமதியின் படத்தைத் திருப்பிவிட்டேன். அவர்கள் எடுத்த போட்டோ வாட்ஸப்பில் சித்திவரை போய்விட்டது. படத்தில் வீட்டுக்குள் சித்தி, சித்தப்பா, தம்பிகள். கதவுக்கு வெளியே கோமதி.

அறிவுகெட்டவள் நான்.

நவ. 5, புதன்

மழை விட்டது. சித்தி வீட்டுக்குப் போனேன். திட்டு விழும் என்று பார்த்தால் டீ. சர்க்கரை தூக்கல்.

"நான் எங்கம்மா தடுத்தேன்? அவதான் வர மாட்டேன்றா. வெளில நிக்கிறாப்பல வரஞ்சிட்டாளே... நாலு நாளா பக்கத்துலயே படுக்க வச்சிகினு கீறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து கோமதி, முகம் காட்டாமல்: "யாரும் பாக்க மாட்டாங்கன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

"தப்புதாம்மா" என்றேன். பஸ் ஸ்டாண்டுவரை அழுகை.

நவ. 6, வியாழன்

வாராவாரம் வேலூரிலிருந்து வரும் ஆலோசகர் சுதா மேடத்திடம் சொன்னேன்.

"விதிய மீறினா பசங்க என்ன செய்யணும்?"

"இடது கையால தன் முகத்த வரஞ்சு மாட்டணும்."

"அப்ப வரைங்க."

எனக்கு வரையவே வராது. இத்தனை வருடம் தப்பித்து வந்தேன். வரைந்தது பூசணிக்காய்போல இருந்தது. பின்னால் பெயர் எழுதி, சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன்.

நவ. 8, சனி

வெயில். டேப் வாங்க மறந்தேன்.

பத்தரைக்குக் கோமதி. என்னைப் பார்க்கவில்லை. தன் படத்தைக் கழற்றிப் பையில் வைத்தாள். அவ்வளவுதான், இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். வாசல்வரை போனவள் என் அட்டையருகே நின்றாள். பெயரைப் படித்தாள்.

"அக்கா, திருப்பிப் பாக்கட்டுமா?"

கேட்டாள். நான் அவளிடம் கேட்காததை, என் தங்கம், என்னிடம் கேட்டாள். தலையாட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"மூக்கு எங்கக்கா? நான் போடட்டா?"