எல்லாப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும்

மீஞ்சூர்
மாசி 10, ஞாயிறு

அன்பு மகள் இளமதிக்கு,

உன் நைனா எழுதிக்கொள்வது. அல்மோராவில் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, விடுதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம். எப்போதும் இந்த வரியில் என்னையும் சேர்த்து எழுதிவிடுவேன், இந்தத் தடவை அம்மாவை மட்டும்தான் எழுதியிருக்கிறேன், என்னைப் பற்றிக் கீழே வருகிறது, அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. மொட்டை மாடியில் அம்மா வடாம் போட்டிருக்கிறாள், காற்றில் வரும் கரித்தூள் படியக்கூடாது என்று உன் பழைய வெள்ளைத் துப்பட்டாவை மேலே மூடி நாலு பக்கமும் கல் வைத்திருக்கிறாள். தினமும் போனில் பேசுகிறோமே, கையால் எழுதித் தபாலில் போடுவானேன் என்று கேட்பாய். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்ப்யூட்டரில் அடிக்கலாம் என்றால் நடுவில் எது புகுந்து எந்த வார்த்தையை மாற்றிவிடுமோ என்று பயம். அந்தப் பயம் எப்படி வந்தது என்றுதான் சொல்லப்போகிறேன். சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்.

பொங்கலுக்கு வந்தபோது உன் பழைய லேப்டாப்பை எனக்கு விட்டுப்போனாய் அல்லவா, அதை மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் இரும்புக் கம்பி ரோலிங் மில் ஆபீஸில் லாரிகளுக்கு கேட் பாஸ் போடுகிற மெர்சி அதைத் திறந்து பார்த்துவிட்டு, சார் உங்களுக்கு எக்ஸ்டென்ஷன் வேணுமா, நானே போட்டுக் குடுக்கறேன் என்றாள். ரிடையர் ஆனபிறகு கம்பெனி எனக்குக் கொடுத்த ஒரு வருஷ எக்ஸ்டென்ஷன் ஆடியோடு முடிகிறது, அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அது உன் கையிலயாம்மா இருக்குது என்று கேட்டுவிட்டேன். எடைமேடை வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவளே பொறுமையாக விளக்கினாள். லாரி வாங்கினால் வெறும் வண்டியாகத்தான் வரும், தார்ப்பாய்க்குக் கொக்கி, பெரிய கண்ணாடி, இரட்டை ஹாரன் எல்லாம் அவரவர் தேவைக்கு மாட்டிக்கொள்கிறோம், அந்த மாதிரி இன்டர்நெட் பார்க்கிற பிரவுசருக்கும் வேண்டியதை மாட்டிக்கொள்ளலாமாம். ஒன்று விளம்பரம் எதையும் உள்ளே விடாது, நெல் விலை பார்க்கப் போனால் குதித்து வந்து வழி மறிக்கிற விளம்பரங்கள் எல்லாம் அன்றோடு ஒழிந்தன. ஒன்று வெள்ளைப் பக்கத்தைக் கறுப்பாக்கும், கண் கூசாது. ஒன்று எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்கும். ஒன்று எந்த பாஷைப் பக்கத்தையும் தமிழாக்கிக் காட்டும். இந்தக் கடைசி ஒன்றை மாட்டும்போது, எல்லாப் பக்கங்களிலும் உள்ளதைப் படிக்கவும் மாற்றவும் அனுமதிக்கிறீர்களா என்று அது கேட்டது. கண்டதுக்கும் சரின்னு அமுக்கிடாதீங்க சார், பேங்க் பக்கத்தக் கூட படிச்சிக்கினு பூடும், தேவைன்னா மட்டும் போடணும் என்று மெர்சி எச்சரித்தாள். நீயும் இதை நினைவில் வைத்துக்கொள், உன் கம்ப்யூட்டரில் எதை எதையெல்லாம் மாட்டி வைத்திருக்கிறாய் என்று ஒருநாள் உட்கார்ந்து பார், வேண்டாததைக் கழற்றிப் போடு. நான் சரி என்று அமுக்கினேன். படிக்கத்தான் போகிறது என்று நினைத்தேன், மாற்றவும் என்பதை யோசிக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. புதுப் பக்கம் திறக்கும்போதெல்லாம் அது ஒரு படம் காட்டும், ஓரத்தில் நாம் சொல்லி வைத்த ஊரின் குளிரும் வெயிலும் வரும். நான் மீஞ்சூரையும் அல்மோராவையும் போட்டு வைத்தேன். இங்கே முப்பது, அங்கே நாலு. மதியம் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும் ஒரு பக்கம் திறப்பேன், பனி மூடிய தேவதாரு மரங்கள் வரும். இன்னொன்று திறப்பேன், மலைச்சரிவில் விளக்கு எரிகிற ஒரே ஒரு வீடு. அடுத்ததில் ஈரமான கல்படிகள், யாரும் இல்லை. அந்தப் படி வளைகிற இடத்தில் நீ புத்தகப்பையோடு இறங்கி வருவாய் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அங்கே இருக்கிற அரை மணி நேரமும் மில்லின் சத்தம் காதில் விழாது, வெளியே லாரிக்காரர் வந்து நின்று கூப்பிட்டதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். எந்த நாட்டு மலையோ, எனக்கு எல்லாம் உன் மலைதான்.

அப்படி உன் ஊர்ப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் பள்ளிக்கூடத்தின் பக்கம் கிடைத்தது. அதில் மாதம் ஒரு ஆசிரியர் எழுதுகிற பகுதி, உன் பெயரும் போட்டோவும். எல்லாம் இந்தி. எட்டு வருஷத்தில் நீ இந்தியில் கட்டுரை எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டாய் என்று நெஞ்சு நிமிர்ந்து, தமிழாக்கும் பொத்தானை அமுக்கினேன். முதல் வரி இப்படி இருந்தது: என் கண்கள் நாளுக்கு நாள் பலவீனமடைந்து வருகின்றன. கீழே இறங்கிப் படித்தேன். கண்கள் என்னிடம் எதையும் சொல்வதில்லை. படிக்கட்டில் என் கண்கள் நின்றுவிட்டன, காலணி காரணம் என்று கூறப்பட்டது. என் கண்கள் இல்லாத உலகத்தை என்னால் நினைக்க முடியவில்லை. கடைசி வரி, மார்ச் மாதத்துடன் இந்தப் பள்ளியை விட்டு விலகிவிடுவேன். என் பெண்ணுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, படியில் விழுந்திருக்கிறாள், வேலையும் போகிறது, எங்களிடம் மறைக்கிறாள், இந்தியில் எழுதினால் நைனாவுக்குத் தெரியாது என்று துணிந்து எழுதியிருக்கிறாள் என்றே புரிந்துகொண்டேன். அன்று சாயங்காலம் போனில் நீ சிரித்துப் பேசப்பேச, எவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த இரண்டு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேள். காலை ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன், உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள. அனுப்பம்பட்டு தாண்டும்போது சேற்று வாசனை வரும், பொன்னேரி பாலத்தில் சக்கரத்தின் சத்தம் மாறும், கவரைப்பேட்டையில் பூக்கூடைகள் ஏறும், இருட்டுக்குள்ளேயே ஒவ்வொரு ஊராக வந்து போகும். பிறகு திறந்து பார்ப்பேன். பனி மூட்டத்தில் வயல் எது வானம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாக மிதக்கும், அதற்குள் கொக்குகள் நிற்கும் இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கும், தூரத்துப் புகைபோக்கிகள் அடியில்லாமல் அந்தரத்தில் நிற்கும். நீ பார்க்க முடியாமல் போனாலும் உனக்குச் சொல்ல ஆள் வேண்டுமே என்று ஒன்று விடாமல் பார்த்து மனசில் எழுதிக்கொண்டேன். எத்தனை நாள் மில் இருக்கிற கும்மிடிப்பூண்டி வந்து எல்லாரும் இறங்கியபிறகும் நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா.

ஒரு நாள் லீவு போட்டுச் சென்னையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடியில் இருந்தார் டாக்டர். என் கண்ணைச் சோதித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் ஒன்றை எடுத்து என் பெண்ணுக்கு வையுங்கள், மிச்சம் இருக்கிற ஒன்று லாரி எடை பார்க்க எனக்குப் போதும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உயிரோடு இருப்பவரிடம் கண் எடுக்கமாட்டோம் பெரியவரே, பெண்ணை அழைத்து வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, நான் எழுந்திருக்கும்போது கையைப் பிடித்து உட்காரவைத்தார். மாடி ஏறி வந்து இருபது நிமிஷம் ஆகிறது, உங்களுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது, கண்ணை விடுங்கள், முதலில் நெஞ்சைக் காட்டுங்கள் என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடித்துவிட்டு உன் பக்கத்தைத் திரும்பவும் திறந்தேன். தமிழாக்குவதற்கு முன்னால் கை தவறி, படித்துக்காட்டும் பொத்தானை அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு பெண் குரல் இந்தியிலேயே படிக்க ஆரம்பித்தது. ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் நீ எழுதியதுதானே என்று நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுக்களையில் இருந்து அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

“யாருங்க அது, நைனா நைனான்னு கூப்ட்டுக்கினே கீது? நம்ம மதி வந்துட்டாளா?”

மறுபடியும் முதலில் இருந்து போட்டோம். பதினோரு இடத்தில் அந்தக் குரல் நைனா என்றது. தமிழில் எங்கெல்லாம் கண்கள் என்று வந்ததோ அங்கெல்லாம். மறுநாள் மெர்சியிடம் கேட்டேன். இந்தியில நைனான்னா கண்ணு சார், நம்ம பக்கத்துல அது அப்பான்னு அந்த மெஷினுக்கு யாரு சொல்லிகிறாங்க என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையே நானும் அம்மாவும் பென்சிலால் ஒரு தாளில் கண்கள் வருகிற இடமெல்லாம் நைனா என்று மாற்றி எழுதிப் படித்துவிட்டோம். என் நைனா நாளுக்கு நாள் பலவீனமடைந்து வருகிறார். நைனா என்னிடம் எதையும் சொல்வதில்லை. படிக்கட்டில் நைனா நின்றுவிட்டார், செருப்புதான் காரணம் என்றார். என் நைனா இல்லாத உலகத்தை, அதற்குமேல் நான் படிக்கவில்லை, அம்மாதான் படித்தாள். நான் அழுதேன் மதி. உன் பார்வைக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தில் பாதி, மீதி இத்தனை நாள் நீ போனில் சிரித்ததற்கு அர்த்தம் புரிந்ததில். நான் உன்னைப் பற்றிப் பயந்த அதே இரண்டு வாரமும் நீ என்னைப் பற்றிப் பயந்துகொண்டு, இரண்டு பேரும் தினமும் இன்னா சாப்ட்ட, இன்னா கொழம்பு என்றே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இப்போது என் முறை. பொங்கலுக்கு நீ திரும்பிப் போன அன்று ஸ்டேஷன் மேம்பாலப் படியில் நான் நின்று உட்கார்ந்துவிட்டேனே, செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொன்னேனே, வார் அறுந்துபோகவில்லை, முழுசாகத்தான் இருந்தது. ரயில் ஏறுகிற பெண்ணிடம் என்னத்தைச் சொல்வது என்று சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தே இப்படித்தான், நாலு படி ஏறினால் நிற்க வேண்டும். இதைப் போன ஞாயிற்றுக்கிழமையே அம்மாவிடமும் சொன்னேன், ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, அடுத்த நாள் அவளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றாள். புதன்கிழமை நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம் ஒரு நிழல் இருக்கிறதாம். இத்தனை வருஷம் மில் தூசியில் இருந்ததால் வந்த தழும்பாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் அங்கே இருந்த டாக்டர். வேறு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மார்ச் பதினெட்டு, புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

வேலையை விட வேண்டாம். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள், கொடுக்கவில்லை என்றால் கிழித்துப் போடு, உன் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது. எனக்காக நீ மலையில் இருந்து இறங்கி இங்கேயே வந்து உட்கார்ந்தால் நான் நிஜமாகவே சீக்காளி ஆகிவிடுவேன். ஒரு வாரம் லீவு மட்டும் கேள். காத்கோதாமில் இருந்து தில்லி ரயிலுக்கு இப்போதே சீட்டுப் போட்டுவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது. வழியில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடாதே, இனிமேல் என்னைப் பற்றி எழுதினால் எனக்கே எழுது, தமிழில் எழுது. நீ நூறு வயசு நல்ல பார்வையோடு இருக்க வேண்டும், எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கூடி வர வேண்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்திருக்கிறது, அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால் கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதி அந்த அறைக்குள் போக எனக்குப் பயமாக இருக்கிறது, நீ வந்து கையைப் பிடித்துக்கொள்.

உன் நைனா,
பூவராகவன்