சனிக்கிழமை எண்ணெயில் போன கோடுகள்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நல்ல சேதியோடுதான் எழுதுகிறேன். சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு நேற்று வந்தது. புராஸ்டேட் சுரப்பியில் இருந்த புற்றுநோய் அடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலிலேயே உங்கள் தங்கச்சி அழுதுவிட்டாள்.

ஆமாம், உங்களைக் கொண்டுபோன அதே நோய்தான் எனக்கும். மில்லில் விருப்ப ஓய்வு வாங்கி அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் காலாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கலாம் என்று இருந்தவன், மணிக்கு நாலு தடவை ஒன்றுக்கு ஓடினேன். நீங்களும் அப்படித்தானே ஓடினீர்கள்? "சுகர் மாப்ளே, வேற ஒண்ணுமில்ல" என்று சமாளித்தீர்கள். நானும் நம்பிக்கொண்டு, மில்லில் நாலு பேர் முன்னால் உங்களைக் கேலி செய்தேன். நீங்கள் உண்மையைச் சொன்னபோது அது எலும்புக்குப் போயிருந்தது. அந்தக் கேலியை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மதுரையில் ஏழு வாரம் எனக்குக் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு நம் ஆட்கள் வைத்த பேர் அது. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே ஒரு ரூம், சனி ஞாயிறு கோவில்பட்டி. கதிர் எங்கே விழவேண்டும் என்று அடிவயிற்றிலும் இடுப்பிலும் சிவப்பு மையால் கோடு போட்டு, அது அழியவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள்.

சொல்லி என்ன? முதல் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் பழைய பழக்கம் வந்துவிட்டது. நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து ஊறி, சீயக்காய் போட்டு அலசித் துவட்டும்போதுதான் பார்க்கிறேன். துண்டெல்லாம் சிவப்பு. வயிற்றில் கோட்டைக் காணோம்!

அவ்வளவு பெரிய டாக்டரிடம் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒரு சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று குத்துமதிப்பாக நானே கோடு போட ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கச்சி உள்ளே வந்தாள்.

"என்ன செய்யுதீங்க?"

"ஒண்ணுமில்ல. இங்கன லேசா அழிஞ்சுபோச்சு."

"எங்கண்ணன் இப்பிடித்தான் வெக்கப்பட்டு மூடி மூடி வச்சுப் போய்ச் சேந்தாவ. நீங்களும் மூடுதீங்களாக்கும்? திங்கக்கிழமை நானும் வாரேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் பக்கத்தில் நிற்க, மெஷின் பார்க்கும் பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். என் கைவேலையைப் பார்த்து அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு விரக்கடை தள்ளிப் போட்டிருக்கீங்களேய்யா. நல்லவேளை, சொன்னீங்க."

எக்ஸ்ரே பார்த்துப் புதுசாகக் கோடு போட்டார்கள். ஒரு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். இதற்கா அப்படிப் பயந்தேன்? உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்வதுதானே மச்சான் பாக்கியாக இருந்தது? நான் கேலி செய்யாமல் இருந்திருந்தால் என்னிடமாவது சொல்லியிருப்பீர்களோ?

ஒன்றுக்குப் போகும்போது இன்னும் கொஞ்சம் எரிச்சல் இருக்கிறது, போகப்போகக் குறையும் என்கிறார்கள். நேற்றுத் திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் தங்கச்சி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இத்தனை மாதத்தில் அவள் அப்படி அசந்து தூங்கி நான் பார்க்கவில்லை. சாத்தூர் தாண்டியதும் கரிசலில் நல்ல மழை. எழுப்ப மனசு வரவில்லை.

டாக்டரிடம் உங்களைப் பற்றியும் சொன்னேன். அப்பாவுக்கு வந்திருந்தால் மகன் நாற்பத்தைந்து வயதில் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்றார். உங்கள் மகன் கண்ணனுக்கு இப்போது முப்பத்தேழு. கேட்டால் சிரித்து மழுப்புகிறான், உங்கள் பிள்ளைதானே. இன்னும் எட்டு வருஷம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவனுக்கு ரத்தம் எடுக்க வைப்பது என் பொறுப்பு. அதுவரைக்கும் நான் இருப்பேன் மச்சான். இருந்தே தீருவேன்.

உங்கள் தங்கச்சியிடம் இன்றைக்கும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்
மாப்பிள்ளை