மூன்று புத்தகத்தில் ஒன்று

என் உயிர் மச்சான் சேகருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டே எழுத ஆரம்பித்தேன், பழக்கதோஷம். நான் இருக்கிறேன்டா. காலை ரயிலில் இப்போதெல்லாம் உட்கார இடம் கிடைக்கிறது. உட்கார்ந்தவன் நாம் படிக்கும் புத்தகத்தின் பக்கம் நின்று வாதாட வேண்டும், நிற்பவன் அதை எதிர்க்க வேண்டும் என்பதுதானே நெமிலிச்சேரியிலிருந்து அம்பத்தூர் வரை நம் சட்டம்? இப்போது என் எதிரில் யாரோ ஒருவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். அண்ணனூர் தாண்டுவதற்குள் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். நாம் பங்கு போட்டு வாங்கிய மூன்று தடித்த தத்துவப் புத்தகங்களையும் உன் மனைவி லதா மேசைமேல் வைத்தாள். "அண்ணே, ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கலாம். எனக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. மொதல்ல நீ எட்துக்கோ" என்றாள்.

சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. மனம் என்பது மூளைதானா என்பது இன்னொன்று. இரண்டிலும் ஓரமெல்லாம் உன் பென்சில் கிறுக்கல். ஓரிடத்தில் "சும்மா அளக்கிறான்" என்றுகூட எழுதியிருந்தாய். அவற்றில் ஒன்றைத்தான் எடுக்க நினைத்தேன், உன் குரலாவது கேட்குமே என்று.

'இருப்பது' என்றால் என்ன என்று கேட்கும் மூன்றாவதைத் தொடவே எனக்குப் பயம். அச்சகத்தில் அதன் நடுத்தாள்களை மடிப்பு வெட்டாமலே விட்டிருந்தார்கள்; பிளேடால் வெட்டிப் பிரித்தால்தான் உள்பக்கங்களைப் படிக்க முடியும். எனக்கோ இருபது பக்கத்துக்குள் தலை சுற்றியது. பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு, "முழுசா முடிச்சிட்டேன் மச்சான்" என்று உன்னிடம் கொடுத்தேன். அதை வைத்து ஒரு மாதம் சண்டையும் போட்டோம்! நீ வெட்டிப் படித்திருப்பாய், என் புளுகு தெரிந்தும் பெருந்தன்மையாக விட்டுவிட்டாய் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

புரட்டினேன். மடிப்பு அப்படியே இருக்கிறது. அடப்பாவி, நீயும் படிக்கவில்லையா!

வாய்விட்டுச் சிரித்தேன். "இன்னாண்ணே, இன்னா கீது அதுல?" என்று லதா ஓடிவந்தாள். சொல்ல வந்தவன் அழுதுவிட்டேன். உன்னை நன்றாகத் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்ட நீ இல்லையே. அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டேன்.

பிளேடு வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தாளாக வெட்டிப் படிப்பேன், புரியாத இடத்தில் புரியவில்லை என்றே சொல்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நீ போனதை ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அதுவும் புளுகுதான், மச்சான்.

உன் மச்சான்,
கோபால்