மீசை முளைத்த காந்தம்

மச்சான்,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். கருமணல் கொம்பனி போகும், தார் றோட்டு வரும், உன் மகள் சாந்தி நாம் மண் அள்ளின அதே காணியில் வீடு கட்ட வந்து நிற்பாள் என்று. நீதான் சிரித்தாய்.

இன்று காலை சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பையில் இருந்து உன் காந்தம் விழுந்தது. பழுதான ரேடியோ ஸ்பீக்கரில் நீ கழற்றிய அதே வட்டக் காந்தம். சுற்றிவரக் கருமணல் மீசை முளைத்திருந்தது. அதைப் பார்த்த நேரத்தில் இருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊற்றி வைத்த தேத்தண்ணியும் ஆறிவிட்டது.

நம் இடத்தின் சரித்திரத்தை இப்போது வருகிறவர்களுக்கு நான்தான் சொல்கிறேன். திரியாய் தாண்டினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புத் தண்ணீர்க் களப்பு, நடுவில் பாய் விரித்தது போல நம் நிலம். உலகத்தில் பறக்கிற பாதி விமானங்களுக்கு வெள்ளைப் பெயின்ற் இந்தக் கறுப்பு மண்ணில் இருந்துதான் போனது என்பேன். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்கள் நம் மண்ணுக்காக வரிசையில் நின்றன என்பேன். எத்தனை கப்பல் என்று கேட்டால், கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பேன். எட்டாம் வகுப்போடு நின்ற நான் எஞ்சினியருக்குப் பாடம் எடுத்த கதையும் உண்டு. நீ பக்கத்தில் இருந்தால் இருமுவாய்.

கொம்பனியில் நாம் இருவரும் மண் அள்ளினோம். கறுப்பைக் கழுவிப் பிரித்து லொறியில் ஏற்றுவார்கள். மிஞ்சின மண்ணை, வெட்டின பள்ளமான அதே கிடங்கில் கொட்டி மூடுவார்கள். மூடின இடம் பார்வைக்குத் தரைதான், ஆனால் மாரி மழைக்கு உள்ளே இறங்கும். காவல்கொட்டில் அப்படித்தான் இறங்கியது. காவல்காரன் கதவால் போய்ச் சன்னலால் வந்தான் என்று நான் சொல்வது கொஞ்சம் கூடுதல்தான்.

கண்ணுக்குத் தெரியாதது காந்தத்துக்குத் தெரியும் என்பாய். கயிற்றில் கட்டி நிலத்தில் இழுப்பாய். மீசை முளைத்தால் அது வெட்டாத மண். வெறுமையாக வந்தால் கிடங்கு.

பிறகு சண்டை வந்தது. கொம்பனி போனது, நாமும் போனோம். நாங்கள் திரும்பி வந்தோம், கொம்பனி வரவில்லை. நீ இடம்பெயர்ந்து இருந்த அன்புவழிபுரத்திலேயே கண்ணை மூடிவிட்டாய்.

நேற்று சாந்தி காணிக்குக் கூப்பிட்டாள். "மாமா, அப்பாவும் நீங்களும்தானே இந்த மண்ணை அள்ளினனீங்கள். கிடங்கு எதில இருந்தது எண்டு காட்டுங்கோ. இது இறங்கினால் இன்னொரு வீடு கட்ட என்னால ஏலாது."

கிண்ணியாவில் இருந்து வந்த மேசன் நூலும் முளையுமாகக் காத்து நின்றார். நான் காந்தத்தை எடுத்தேன். காணியின் கிழக்கில் இழுத்தேன், மீசை. மேற்கில் இழுத்தேன், மீசை. நடுவிலும் மீசை.

"என்ன அண்ணன், கெடங்கு ஊர விட்டுப் போயிட்டா?" என்றார் மேசன்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பிள்ளை, உன்ர அப்பா சாக முன்னம் எனக்குச் சொன்னவர். அந்தப் பாலை மரத்துக்கு மேற்கால கிடங்கு வெட்டவே இல்லையாம்."

அவள் முகம் தெளிந்தது. "அப்பா சொன்னவரெண்டால் சரி" என்றாள். மேசன் மேற்கே முளை அடித்தார். எனக்கு வெற்றிலையும் சோடாவும் கிடைத்தன.

இன்று இந்த மீசையைப் பார்த்தபோதுதான் நீ செய்கிற மற்ற வேலை ஞாபகம் வந்தது. வாடைக்காற்று வருடா வருடம் கடற்கரைக் கறுப்பை வாரி எல்லா இடத்திலும் தூவிவிடும், கிடங்கின் மேலும்தான். அதனால் நீ முதலில் ஒரு முழம் தோண்டுவாய். நான் நிழலில் பீடி பற்றவைத்துக்கொண்டு, இதென்ன வீண் வேலை என்று நக்கலடிப்பேன். "மேல் மண் விருந்தாளி மச்சான். வீட்டுக்காரனிட்டக் கேள்" என்பாய்.

நான் நேற்று விருந்தாளியிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நாளைக்கு அத்திவாரம் வெட்டப்போகிறார்கள். வானம் களப்புப் பக்கம் கறுத்து நிற்கிறது. விமானத்துப் பெயின்ற் கதைக்குள் யாரும் குடியிருக்கப் போவதில்லை. இதற்குள் உன் பிள்ளை படுத்து எழும்பப் போகிறாள்.

மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிவிட்டேன். காந்தம் பழையபடி என் பையில். மேசன் வர முன்னம் பாலை மரத்துக்கு மேற்கே தோண்டி இழுத்துப் பார்ப்பேன். மீசை முளைத்தால் உன் பெயருக்குக் குறையில்லை. முளைக்காவிட்டால் சாந்தியை உட்கார வைத்துச் சொல்லத்தான் வேண்டும். பாலை மரத்தைப் பற்றி நீ எனக்கு ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை மச்சான். அது நான் கட்டின கதை.